மழைக்கு முன் பச்சை, மழைக்குப் பின் கறுப்பு: சேர்வராயன் மலையில் சைக்கிள்

சேலத்தில் சைக்கிள் ஓட்டும் நான்கு பேர் கூடிய இடத்தில் ஏற்காட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எவ்வளவு நேரத்தில் ஏறினீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அந்தக் கேள்வியில் தவறில்லை. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லாத நம் ஊரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, கோரிமேட்டைத் தாண்டி, அடிவாரத்தில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில் 1,100 மீட்டருக்கு மேல் மிதித்து ஏறுவது யாருக்கும் பெருமை தரும் செயல்தான். ஆனால் என் மனம் தங்கியிருப்பது அந்த ஏற்றம் முடிந்த பிறகு, தார் நின்று செம்மண் தொடங்கும் இடத்தில். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடங்கள், மலைக்கிராமங்களை இணைக்கும் ஒற்றையடிப் பாதைகள், உச்சியில் சேர்வராயன் கோயிலைச் சுற்றிய வெட்டவெளி ஆகிய இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், முதன்முறையாக மண்ணில் ஓட்டுபவருக்கும் பத்து ஆண்டுப் பழக்கம் உள்ளவருக்கும் இடம் தரும் ஒரு பாதைத் தொகுப்பு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. எது யாருக்கு ஏற்றது என்று சொல்லும் பலகைதான் அங்கே இல்லை.

இந்தப் பாதைகளைச் சைக்கிளுக்காக யாரும் வெட்டவில்லை. 1820-இல் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து, செடி நடவும், பழம் பறிக்கவும், மூட்டை சுமக்கவும் மனிதர்களும் மாடுகளும் நடந்து உண்டானவை பல. அதற்கு முன்பே இந்த மலையில் வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்லர், காஞ்சிபுரத்திலிருந்து வந்த முன்னோரின் வழி வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை) சாமைக்காட்டுக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்த தடங்கள் இன்னும் பழையவை. இரண்டு வகைப் பாதைகளுக்கும் குணம் வேறு. சுமையோடு போவதற்கு அமைந்த பாதை சரிவைக் குறுக்காக அணைத்துக்கொண்டு மெதுவாக ஏறும். வெறுங்கையோடு விரைந்து நடப்பவர் போட்ட பாதை நேராக மேலே பாயும். சைக்கிளில் போகும்போது இந்த வேறுபாட்டை முழங்கால் முதலில் உணர்கிறது.

வெளிநாடுகளில் இத்தகைய பாதைகளுக்குத் தரம் பிரித்துப் பலகை வைக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்காவிலுள்ள பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கம் வகுத்த முறையில் எளிதானதில் தொடங்கிக் கடினமானது வரை வெள்ளை, பச்சை, நீலம், கறுப்பு என்று நிறங்கள் வரும். கறுப்புக்கு மேலும் இரட்டைக் கறுப்பு என்று ஒன்று உண்டு. பச்சைப் பாதை என்றால் குறைந்தது மூன்றடி அகலம் இருக்க வேண்டும். சராசரிச் சரிவு நூற்றுக்கு 5-க்கு மேல், அதாவது நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றத்துக்கு மேல், போகக் கூடாது. விலக முடியாதபடி குறுக்கே கிடக்கும் கல்லோ வேரோ இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நீலத்தில் அகலம் இரண்டடியாகக் குறைகிறது, தடை எட்டு அங்குலம் வரை உயரலாம், சராசரிச் சரிவு 10 வரை இருக்கலாம். கறுப்பில் ஓரடி அகலமே போதும், தடை 15 அங்குலம், சராசரிச் சரிவு 15. இந்தக் கணக்கைப் படித்த நாளில் எனக்கு ஒரு வியப்பு ஏற்பட்டது. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் நம் மலைச்சாலையின் சராசரிச் சரிவும் நூற்றுக்கு 5-ஐச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். அதாவது, தொடக்கநிலைப் பாதைக்கு ஏறத்தாழச் சமமான சரிவு. அதை 20 கிலோமீட்டர் நிறுத்தாமல் ஏறுவதால்தான் மூச்சு வாங்குகிறது. ஆகவே புதியவர்களை அந்த ஏற்றத்தில் வதைத்துவிட்டு, களைத்த காலோடு மண்பாதையில் இறக்கிவிடுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. முதல் சில முறை சைக்கிளைச் சரக்கு வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய்விடுங்கள். ஏற்றம் பழகுவது தனிப் பாடம்.

நானும் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் நண்பரும் ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நோட்டைத் தொடங்கினோம். போய்வந்த ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பெயர் வைத்து, தொடங்கும் இடம், முடியும் இடம், அகலம், சரிவு, கல், வேர் எல்லாவற்றையும் குறித்து, எதிரே ஒரு நிறத்தை எழுதிவைத்தோம். பலாமரத்துப் பாதை, மூன்று கல் இறக்கம், சுடுகாட்டு மேடு என்றெல்லாம் நாங்கள் வைத்த பெயர்கள் எந்த வரைபடத்திலும் இருக்காது. நண்பருக்குச் சன்னக் கம்பியை இழுத்து வளைக்கும் தொழில் என்பதால், சக்கரத்தின் கம்பிகளை விரலால் மீட்டி, ஓசையை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய கையில் கோணலான சக்கரம் ஒன்று நேராவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் காட்சி.

அந்த நோட்டில் அடிப்படையான ஒரு பிழை இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன்.

பலாமரத்துப் பாதையை நாங்கள் முதலில் ஓட்டியது ஒரு பிப்ரவரி மாதத்தில். தோட்டக்காரரின் அனுமதியோடு போகும் தடம் அது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம், நல்ல அகலம், ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான்கைந்து வேர்கள். மண் காய்ந்து இறுகி, டயர் பட்ட இடத்தில் சிமென்டுத் தரைபோலப் பிடித்தது. நோட்டில் யோசிக்காமல் பச்சை என்று எழுதினேன். அந்த ஆண்டு நவம்பர் மாதத்தில், அப்போது பதினான்கு வயதான என் அக்கா மகளை முதன்முறையாக மண்பாதைக்கு அழைத்துப்போனபோது, நோட்டைப் புரட்டி, பச்சை என்று இருந்ததால் அந்தப் பாதையையே தேர்ந்தெடுத்தேன். முந்தைய இரண்டு நாள் மழை பெய்திருந்தது. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் இலைகள் பாதை முழுவதும் உதிர்ந்து கிடந்தன. அந்த இலையைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: பெரணிபோலப் பிளவுபட்டு, மேற்புறம் பச்சையாகவும் அடிப்புறம் வெள்ளி பூசியதுபோலவும் இருக்கும். காய்ந்திருந்தால் நொறுங்கிப் போகும். நனைந்துவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் பாய்போலப் படிந்து, அடியில் இருக்கும் களிமண்ணையும் வேரையும் முற்றாக மறைத்துவிடும். அவள் வேர்கள் இருந்த இடத்துக்கு வந்ததும் பயந்து முன்பிரேக்கைப் பிடித்தாள். முன்சக்கரம் இலைப்பாயோடு சேர்ந்து பக்கவாட்டில் போய்விட்டது.

விழுந்தவள் மணிக்கட்டை ஊன்றிவிட்டாள். எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு வாரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ஏசுவதைக் காட்டிலும் கனமாக இருந்தது. மலையிலிருந்து காரில் இறங்கும்போது அந்தப் பெண் கேட்டதுதான் என்னை உலுக்கியது.

“மாமா, அது பச்சைன்னு நோட்டுல எழுதியிருந்துச்சே, நான் சரியா ஓட்டலையா?”

அவள் சரியாகத்தான் ஓட்டினாள். பிப்ரவரியில் பச்சையாக இருந்த பாதை நவம்பரில் கறுப்புக்குப் பக்கத்தில் போயிருந்தது, அதை அறியாமல் அவளை அதில் இறக்கியவன் நான். அகலமும் சராசரிச் சரிவும் மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் ஒரு மலையில், பாதையின் தரத்தை ஒரே சொல்லில் எழுதிவைக்க முடியாது. அடுத்த வாரமே நோட்டைப் புதிதாகக் கோடு போட்டோம். ஒவ்வொரு பாதைக்கும் எதிரே சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டங்கள். தமிழ் மாதங்களை எழுதலாம் என்று சொன்னவர் மலைக்கிராமத்துப் பெரியவர் ஒருவர். மழையைப் பற்றிக் கேட்டால் அவர் அப்படித்தான் பதில் சொல்வார். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்வழக்கு இருக்கும்போது அக்டோபர் 17, நவம்பர் 16 என்று நாம் எதற்காகத் தேதியைத் தேட வேண்டும்?

புதியவர்களுக்கு எந்த மாதத்திலும் நான் முதலில் பரிந்துரைப்பது சேர்வராயன் கோயில் பக்கம்தான். மலைத்தொடரின் மிக உயர்ந்த இடம் அது, 1,623 மீட்டர். உச்சி என்றாலும் கூர்மையாக இராது. பாக்சைட் கலந்த செம்பாறை மண் மூடிய, பரந்த மேட்டுநிலமாக விரிந்திருக்கும். மழைநீர் தேங்காமல் இறங்கிவிடுவதால் சரளை மண் மற்ற இடங்களைக் காட்டிலும் விரைவாகக் காய்கிறது. என் மனைவி நாற்பத்திரண்டாவது வயதில் மண்ணில் ஓட்டப் பழகியது அங்கேதான். முதல் நாள் முழுவதும் அவளிடம் மூன்றே செயல்களைச் செய்யச் சொன்னேன். மிதிக்காமல் உருளும்போது இரண்டு பெடல்களும் தரைக்கு இணையாக ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் கீழே இருக்கும் பெடல் கல்லில் இடிக்காது. சீட்டிலிருந்து இரண்டங்குலம் எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்தி, உடம்பின் எடையைப் பாதத்தில் தாங்க வேண்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். கல்லைப் பார்த்தால் சைக்கிள் கல்லின் மீதே போகும். இரண்டு கற்களுக்கு நடுவே இருக்கும் மண்ணைப் பார்த்தால் அந்த மண்ணில் போகும். மாலைக்குள் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். திருவிழாக் காலமான மே மாதத்தில் மட்டும் அங்கே சைக்கிளோடு போகாதீர்கள். அது வழிபட வருபவர்களுக்குரிய இடம். கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் ஏற்காடு முழுவதுமே வண்டிகளால் நிரம்பிவிடும் என்பதால் நாங்கள் அந்த வாரங்களில் மலைக்கே போவதில்லை.

ஊரைச் சுற்றிவரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். தார்ச்சாலைதான், ஆனாலும் மண்ணுக்குப் போவதற்கு முன் கியர் மாற்றவும், ஏற்றம் இறக்கம் மாறிமாறி வரும்போது மூச்சைப் பங்கிட்டுக்கொள்ளவும் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. தை மாதக் காலையில் போனால் வழியிலுள்ள களங்களில் காப்பிக் கொட்டை காயவைத்திருப்பார்கள், அந்த வாசனையிலேயே பாதித் தூரம் கடந்துவிடும்.

அடுத்த நிலை, தோட்டங்களுக்குள் போகும் வண்டித்தடம். இங்கே ஓட்டும் திறனைவிட முன்னதாக வருவது அனுமதி. பெரும்பாலான தோட்டங்கள் தனியார் நிலம். அவற்றை ஒட்டியிருக்கும் காடுகள் பலவும் வனத்துறையின் காப்புக்காடுகள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். தோட்டத்துக்குள் போக வேண்டுமானால் உரிமையாளரையோ மேலாளரையோ முன்கூட்டியே பார்த்துக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்ட இடங்களில் சிலர் மறுத்தார்கள், சிலர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரச் சொன்னார்கள். மறுத்தவர்களிடமும் காரணம் இருந்தது. கார்த்திகை முதல் தை வரை பழம் பறிக்கும் காலம். வளைவில் திரும்பினால் கூடையோடு பெண்கள் நடந்துவருவார்கள், எதிரே டிராக்டர் வரும். அந்த நாட்களில் வேகமாக இறங்கும் சைக்கிளுக்கு அங்கே என்ன வேலை? நாங்கள் முதலில் அனுமதி பெற்ற தோட்டத்தில் காவலுக்கு இருந்த பெரியவர் சொன்னதை இன்றும் கடைப்பிடிக்கிறோம்.

“தம்பி, வண்டி போற தடத்துலயே போங்க. வெளிய இறங்காதீங்க. மழ பேஞ்சு ரெண்டு நாளைக்கு வராதீங்க. டயரு கிழிச்ச தடத்துலதான் அடுத்த மழைத் தண்ணி ஓடும்.”

பாதை அமைப்பவர்கள் தடித்த கையேடுகளில் எழுதிவைத்திருப்பதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். ஈரக் களிமண்ணில் டயர் கீறிய கோடு இரண்டங்குல ஆழம் இருந்தாலும் போதும். அடுத்த மழையில் அது வாய்க்காலாகும், அதற்கடுத்த மழையில் மண்ணை அரித்துக்கொண்டு கீழே போகும். பல தலைமுறை இலை மக்கி உண்டான மேல்மண் அது. அதனால்தான் எங்கள் நோட்டில், நிறத்துக்குப் பதிலாக வெறும் குறுக்குக்கோடு போட்ட கட்டங்களும் நிறைய இருக்கின்றன. அந்த மாதத்தில் ஓட்ட முடியும், ஆனால் ஓட்டக் கூடாது என்று பொருள்.

வண்டித்தடங்களில் முப்பது, நாற்பது அடிக்கு ஒருமுறை, மழைநீரைப் பக்கத்துச் சரிவில் இறக்கிவிடக் குறுக்கே சாய்வாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். சில இடங்களில் அதன் கரையில் கல் பதித்திருக்கும். புதியவர்கள் பெரும்பாலும் விழுவது இதில்தான். வாய்க்கால் சாய்வாக இருப்பதால், நேராகப் போகும் சக்கரம் அதைச் சாய்வாகவே சந்திக்கும். ஈரமான கல் என்றால் சக்கரம் கல்லோடு சேர்ந்து வழுக்கும். இரண்டு வண்டி நீளத்துக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வாய்க்காலைச் செங்குத்தாகக் கடக்கும்படி சைக்கிளைத் திருப்பி, கடக்கும் கணத்தில் பிரேக்கை முழுவதும் விட்டுவிட வேண்டும். உருளும் சக்கரம் தன்பாட்டில் தாண்டிவிடும். பிடித்து நிறுத்திய சக்கரம்தான் வழுக்குகிறது. இதை ஒரே வாய்க்காலில் இருபது முறை திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள்.

பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே எந்தப் பாதை எங்கே விழும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர் என்று சொன்னால் மிகையாகாது. பாதை அமைப்பில் பாதி விதி என்று ஒன்று உண்டு: பாதையின் சரிவு, அது கடந்துபோகும் மலைப்பக்கத்தின் சரிவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. மலைப்பக்கம் நூற்றுக்கு 20 சரிந்தால் பாதை 10-க்குள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மேலிருந்து வரும் நீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். பாதை அதைவிடச் செங்குத்தானால், நீருக்குப் பாதையே ஆறாகிவிடும். மண் போய்க் கல்லும் வேரும் மட்டும் மிஞ்சும். சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட் என்ற கடினமான வகை. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் பதித்த கல்லை வைத்து அந்தப் பெயர் வந்தது; அந்தக் கல் நம் தமிழகத்திலிருந்து போனது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் தம் இறுதிக் காலத்தில் தங்கியது ஏற்காட்டில்தான். இந்தப் பாறைகளின் மீது நிற்கும்போது அவர் நினைவு எனக்குத் தவறாமல் வரும். சார்னோகைட் சிதையும்போது விளிம்புகள் தேய்ந்து உருண்டைப் பாறைகளாகிச் செம்மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். மேலே இருக்கும் மண்ணை மழை கொண்டுபோனால், வழவழப்பான உருண்டை முதுகுகள் பாதையில் எழும்பி நிற்கும். மூன்று கல் இறக்கம் என்று நாங்கள் பெயர் வைத்தபோது அங்கே மூன்று கற்கள்தான் இருந்தன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்து, மலைச்சாலையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோன வாரத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தோம், பதினொன்று எண்ணினேன். நீலம் என்று இருந்த கட்டம் அன்று நிரந்தரமாகக் கறுப்பாகிவிட்டது.

கறுப்புப் பாதையைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அது நண்பரின் ஊர். எட்டு அங்குலப் படியிலிருந்து முன்சக்கரம் இறங்கும்போது இடுப்பைப் பின்சக்கரத்துக்கு மேலே கொண்டுபோய், கையை நீட்டி, சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி நடுவுக்கு வரும் அந்த அசைவை, அவர் கொலுசில் முத்து கோப்பதுபோல அவசரமில்லாமல் செய்வார். நான் அத்தகைய இடங்களில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். இறங்கித் தள்ளுவதும் ஓட்டுவதன் ஒரு பகுதிதான் என்பதை எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டுடெயில் இந்த மலைக்குப் போதும். ஏற்றத்துக்கு முன் பல்சக்கரத்தில் 32 பல், பின் பல்சக்கரத்தில் 51 பல் இருந்தால், 29 அங்குலச் சக்கரத்தில் ஒரு முழு மிதிக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவான தூரமே நகரும். நடைவேகத்தில் ஏறலாம், முழங்கால் தப்பிக்கும். அகலமான டயரில் தார்ச்சாலைக்குக் காற்றழுத்தத்தை 40 பி.எஸ்.ஐ. வைத்திருப்பவர்கள் மண்ணில் இறங்குமுன் 25, 28-க்குக் குறைத்துவிடுங்கள். காற்று குறைந்த டயர் கல்லின் மீது அமுங்கிப் பிடிக்கும். இறுகிய டயர் துள்ளும். டியூப் போட்ட டயரில் இன்னும் குறைத்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சைக்கிளோடு சேர்த்து 85 கிலோ எடையுள்ள ஒருவர் ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 1,100 மீட்டர் இறங்கினால், ஒன்பது லட்சம் ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். எஞ்சியது பெரும்பாலும் பிரேக்கில் இறங்கும். மலைச் சைக்கிள் பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் மலைப்பகுதியில் இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மண்பாதையில் பந்தயம் இறங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் அவற்றில் இருந்தது. ஒரு முறை இறங்கியதும் சக்கரத்தின் நடுக்குடத்திலுள்ள கிரீஸ் முழுவதும் புகைந்துபோய்விடும். மறுபடியும் கிரீஸ் அடைத்துத்தான் அடுத்த முறை இறங்க முடியும். மறுபடி அடைப்பது என்ற பொருளில் அந்த இறக்கத்துக்கே ரீபேக் என்று பெயர் நிலைத்துவிட்டது. நம் மலைச்சாலையில் இறங்கும்போது வளைவுக்கு முன்பாக உறுதியாகப் பிடித்து, வளைவில் விட்டுவிட்டு, நேரான பகுதியில் பிரேக்கை ஆறவிடுங்கள். வழிநெடுக லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் பிரேக்கைச் சுடவைக்கும் வழக்கம். நான்கைந்து வளைவுகளுக்கு ஒருமுறை நின்று ஆறவிடுவதில் எந்தக் குறையும் இல்லை. டிஸ்க்கை மட்டும் விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

காட்டெருமையைப் பற்றி ஒரு வார்த்தை. விடியலிலும் மாலை மங்கும் நேரத்திலும் காப்பித் தோட்டங்களுக்குள் அவை வருகின்றன. சைக்கிள் ஓசையின்றி வருவதால் அது நம்மை அறியுமுன் நாம் மிக அருகில் போய்விடக்கூடும். ஆகவே கண் மறைக்கும் வளைவுகளில் மணி அடித்துக்கொண்டே போகிறோம். எதிரே நின்றால் இறங்கி, சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிடுகிறோம். அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி கேரளத்தின் பொன்முடியில் நடந்தது. அதற்காக அங்கே பாதை அமைத்தார்கள். சேர்வராயன் மலைக்குப் போட்டி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கிராம மக்களின் ஒப்புதலோடும் வனத்துறையின் கண்காணிப்போடும் பொது நிலத்தில் ஐந்து கிலோமீட்டர் பச்சைப் பாதை ஒன்று, தண்ணீர் வடியும்படி முறையாக அமைந்து, மழைக்காலத்தில் மூடியும் கோடையில் திறந்தும் வைக்கப்பட்டால், சேலத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை. இதற்காக ஓர் அலுவலகத்தில் மனு ஒன்று கொடுத்திருக்கிறோம்; மறுபடியும் போய்க் கேட்போம்.

அக்கா மகளுக்கு இப்போது பதினேழு வயது. நோட்டு அவளிடம்தான் இருக்கிறது. பாதை அன்று ஓட்டத் தகுந்ததா என்று பார்க்க அவளே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். பாதையின் தொடக்கத்தில் நின்று, பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் அளவு தண்ணீரை மெதுவாக மண்ணில் ஊற்றுவாள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் போகலாம். குறுக்கே ஓடிச் செடிப்பக்கம் இறங்கினால் பாதை நன்றாக இருக்கிறது, மண்தான் நனைந்திருக்கிறது. இரண்டு நாள் பொறுக்கலாம். பாதையோடு சேர்ந்து கீழே ஓடினால் அன்று அந்தப் பாதை இல்லை.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலாமரத்துப் பாதைக்கே அவள் என்னை அழைத்துப்போனாள். முந்தைய நாள் தூறல்தான் போட்டிருந்தது. மேலே பார்த்தால் மண் காய்ந்ததுபோலவே இருந்தது. போகலாம் என்று நான் ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டேன். அவள் குனிந்து தண்ணீரை ஊற்றினாள். ஒரு கணம் அது அப்படியே நின்றது. பிறகு ஒரு காய்ந்த இலையைச் சுமந்துகொண்டு, பாதையின் நடுவிலேயே வளைந்து கீழே இறங்கத் தொடங்கியது. அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, ஐப்பசிக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

“கோயில் பக்கம் போகலாம், மாமா” என்று சைக்கிளைத் திருப்பினாள்.